கடை பூட்டும் நேரம்

(யாழ்ப்பாணத்தில் வணிகர்களும் கடை ஊழியர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வணிகப் பெருமக்களே, நாள் முழுவதும் கடையில் நின்று வேலை செய்துவிட்டுக் கால் நீட்டி இருக்கக் கிடைத்த நேரத்தையும் எனக்குத் தந்திருக்கும் தங்கச்சிமாரே, தம்பிமாரே, ஏதோ ஒரு கடையில் ஏதோ ஒரு நாள் நேரம் கடந்து நின்றிருக்கும் வாடிக்கையாளர்களே! வாடிக்கையாளர் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சின்னது. கடை பூட்டும் நேரம் வந்துவிட்டது. உள்ளே வந்தவர் போகவில்லை. அவ்வளவுதான். இதற்கொரு சொற்பொழிவா என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், சிரித்துவிட்டுக் கேளுங்கள். எனக்குத் தந்த நேரத்தை நான் ஒரு நிமிடம் தாண்டினாலும் இந்தப் பொருளைப் பேசும் தகுதி எனக்குப் போய்விடும். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நகரத்தில் ஒரு புடைவைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடை என்று தேட வேண்டாம், எந்தக் கடையாகவும் இருக்கலாம். இரவு எட்டு மணிக்குப் பூட்ட வேண்டும். எட்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு வான் வந்து நிற்கிறது. கலியாண வீட்டுக்காரர். பெண்ணின் தாய் இறங்குகிறார், சின்னம்மா இறங்குகிறார், மாமி இறங்குகிறார், கனடாவிலிருந்து வந்த பெரியம்மா இறங்குகிறார். கூறை எடுக்க வந்திருக்கிறார்கள். முதலாளி எழும்பி நின்று கும்பிடுகிறார். கதிரை வருகிறது. சோடா வருகிறது. மேசைக்குப் பின்னால் காலை ஒன்பது மணியிலிருந்து நிற்கும் பிள்ளை, சுவரில் இருக்கும் மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறாள்.

“பிள்ளை, அந்த மேல்தட்டில இருக்கிற அரக்கு நிறத்தை ஒருக்கா எடும் பாப்பம்.”

“ஓம் அன்ரி.”

“இதில கரை இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கோ?”

“இருக்கு அன்ரி, பாருங்கோ.”

எட்டேகால். மேசையில் சேலைகள் மலையாகக் குவிகின்றன. எட்டரை. வீடியோ அழைப்பில் பெண்ணைக் கூப்பிட்டு நிறம் காட்டுகிறார்கள். பெண்ணுக்கு அரக்கு பிடிக்கவில்லை. எட்டே முக்கால். “நாளைக்கு மாப்பிளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாறம்” என்று சொல்லி எல்லோரும் வானில் ஏறுகிறார்கள். வாங்கியது ஒன்றுமில்லை. முதலாளிக்கு மனவருத்தமும் இல்லை. நாளைக்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும், அவர் பழுத்த வியாபாரி.

அந்தப் பிள்ளைக்கு வேலை முடிந்துவிட்டதா? இல்லை, அப்போதுதான் தொடங்குகிறது. விரித்த சேலை ஒவ்வொன்றையும் பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டும். மடிப்பு மாறினால் பட்டில் கோடு விழும், அந்தச் சேலை பிறகு போகாது. விலைத் துண்டு மாறாமல் பார்க்க வேண்டும். எந்தச் சேலை எந்தத் தட்டில் இருந்தது என்று நினைவு வைத்து அடுக்க வேண்டும். இன்னொரு பக்கத்தில் லாச்சியில் இருக்கும் காசை எண்ணி, பில்லோடு ஒப்பிட்டு, கார்ட் மெஷினில் அன்றைய கணக்கை முடித்து, ஐம்பது ரூபாய் குறைந்தால் அது எங்கே போனது என்று தேட வேண்டும். நகைக் கடையென்றால் ஒவ்வொரு தட்டிலும் எத்தனை மோதிரம், எத்தனை தோடு என்று எண்ணி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, இரண்டு பேர் கையெழுத்து வைக்கும்வரை ஒருவரும் வெளியே போக முடியாது. ஒரு வாடிக்கையாளர் பத்து நிமிடம் பிந்தினால் கடை பத்து நிமிடந்தான் பிந்தும் என்று நாம் நினைக்கிறோம். கடையில் வேலை செய்த எவரையாவது கேட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்தால் வீடு வந்துவிடுமா? இந்தக் குடாநாட்டின் வரைபடத்தைக் கொஞ்சம் நினையுங்கள். நகரத்துக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளில் பலர் நகரத்தில் வசிப்பவர்கள் அல்லர். வடமராட்சியிலிருந்து வருகிறார்கள், தென்மராட்சியிலிருந்து வருகிறார்கள், பண்ணைப் பாலம் தாண்டி வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் வருகிறார்கள். இரவாக ஆக பஸ் குறையும். கடைசி பஸ் ஒருவருக்காகவும் காத்து நிற்காது. அது போய்விட்டால் என்ன வழி? ஓட்டோ. இல்லாவிட்டால் அண்ணனோ அப்பாவோ மோட்டார் சைக்கிளில் வந்து, பூட்டிய கடைகளின் முன்னால் காத்து நிற்க வேண்டும். போரிலே அண்ணனையும் அப்பாவையும் இழந்த வீடுகள் இந்த மண்ணில் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “அம்மா, இன்னும் ஆக்கள் நிக்கினம்” என்று ரகசியமாகத் தொலைபேசியில் சொல்லும் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்டும் நாம் அடுத்த சேலையை எடுக்கச் சொல்லியிருப்போம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போனால் வாடிக்கையாளருக்கு நான் அநியாயம் செய்தவனாவேன்.

இரவு எட்டரை மணிக்கு வெளிச்சமான கடைக்குள் நின்று இதுவா அதுவா என்று சாவகாசமாகப் பார்ப்பது, இந்த ஊரில் ஒரு காலத்தில் நடக்காத காரியம். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் ஆண்டுக்கணக்கில் நமக்கு மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை, சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த பிள்ளைகள் இன்று வைத்தியர்களாக இருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் எந்தக் கடைக்காரர் கரையின் அகலம் காட்டுவார்? பொழுது படமுன் அவர் பலகையைப் போட்டுவிடுவார், வாங்க வந்தவர் அவருக்கு முன்னரே ஓடியிருப்பார். பிறகு 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. ஊரடங்குச் சட்டம் வந்தது. கடை திறக்கும் நேரத்தையும் பூட்டும் நேரத்தையும் துப்பாக்கி வைத்திருப்பவர் தீர்மானித்தார். அரிசிக்கும் சீனிக்கும் சங்கக் கடை வாசலில் வரிசையில் நின்றோம். அன்று பிந்தி நின்ற வாடிக்கையாளரைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு ஆள் இருக்கவில்லை.

ஆகவே பிந்தி நிற்கும் வாடிக்கையாளரைக் கண்டால் எனக்கு முதலில் வருவது கோபமில்லை, ஒருவித ஆறுதல். பயமில்லாமல் நிற்கிறாரே! வீடு போக அவருக்கு அவசரமில்லையே! இந்த ஆறுதலை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் கேள்வி இதுதான், அன்பர்களே. அந்த ஆறுதலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

கணக்குப் பார்ப்போம். இலங்கையில் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். முப்பதாயிரத்தை எட்டு மணி நேரம் வீதம் முப்பது நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். மணிக்கு 125 ரூபாய் வரும். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்றால் 187 ரூபாய் 50 சதம். அரை மணிக்கு? 94 ரூபாய் கூட இல்லை. கலியாண வீட்டுக்காரருக்குக் கொடுத்த சோடா ஒன்றின் விலையைப் பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம். அந்த 94 ரூபாயாவது அந்தப் பிள்ளையின் கைக்குப் போகிறதா என்பது வேறு கேள்வி. முதலாளிமார் இங்கே இருக்கிறீர்கள். அவரவர் மனச்சாட்சியிடம் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டம், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். எழுபது வருடம் கடந்துவிட்டது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது அது. மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணிக்கு மேல் போகக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு கொடு என்கிறது. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு கொடு என்கிறது. பெண்களை இரவிலே வேலைக்கு வைத்திருப்பதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நல்ல சட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்க வந்தவரைப் பார்த்து “நேரம் முடிந்தது, போய் வாருங்கள்” என்று கடைக்குள் நின்று சொல்லப் போவது சட்டமா? அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

அவளால் சொல்ல முடியுமா? சொன்னால் வாடிக்கையாளர் முதலாளியைப் பார்ப்பார். முதலாளி அவளைப் பார்ப்பார். “வாற லட்சுமியைத் திருப்பி அனுப்பாதை” என்று பழமொழி வரும். ஆகவே அவள் வாயால் சொல்வதில்லை, வேறு வழி பார்க்கிறாள். பாதி விளக்கை அணைக்கிறாள். தும்புத்தடியை எடுத்துக் காலடியில் கூட்டுகிறாள். சாமிப் படத்துக்குச் சாம்பிராணி காட்டுகிறாள். தம்பி போய் ஷட்டரை அரைவாசிக்கு இறக்கிவிடுகிறான். நாமோ லேசுப்பட்டவர்களா? அரைவாசி ஷட்டருக்குள் குனிந்து உள்ளே வந்து, “பூட்டப் போறியளோ? ஒரே ஒரு சாமான்தான்” என்கிறோம்!

இருப்பவர்களில் ஆகப் பலம் குறைந்தவரிடம் ஆகக் கடினமான வேலையைக் கொடுத்திருக்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். போகச் சொல்லும் பொறுப்பு அவளுடையதாக இருக்கக்கூடாது. அதை முதலாளி எடுக்க வேண்டும், ஊர் எடுக்க வேண்டும், நாம் எடுக்க வேண்டும்.

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள்? கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கடைப் பணியாளர் நிலை நம்முடையதைவிட மோசம். 1842இல் லண்டனில் புடைவைக் கடைக்காரர் மத்தியில் ஓர் இயக்கம் எழுந்தது. கடையை நேரத்தோடு பூட்டுவதற்கான இயக்கம். அவர்கள் முதலாளிமாரிடம் மட்டும் போகவில்லை. வாங்க வரும் பெண்களிடமும் போனார்கள். அம்மா, இருட்டியபின் கடைக்கு வராதீர்கள், நீங்கள் வராவிட்டால் எங்களைப் பூட்ட விடுவார்கள் என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு எவ்வளவு கிடைத்தது? 1886இல் ஒரு சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கடையில் வேலை வாங்கக்கூடாது என்றது. எழுபத்து நான்கு! அதுவே அன்று பெரிய வெற்றி. வாரத்தில் அரை நாள் ஓய்வு கிடைக்க 1911 வரை காத்திருந்தார்கள். வேண்டுகோள் நல்லது, ஆனால் மெல்லத்தான் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 1956இல் வந்த கடை மூடல் சட்டப்படி கிழமை நாட்களில் மாலை ஆறரைக்கு எல்லாக் கடையும் மூட வேண்டும், சனிக்கிழமை இரண்டு மணிக்கு. எண்பதுகளிலே இங்கிருந்து அகதியாகப் போன எங்கள் பொடியன்களைக் கேட்டுப் பாருங்கள். ஆறரைக்கு ஒரு நிமிடம் பிந்திப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலும் பாணும் தெரிய, வெறுங்கையோடு திரும்பிய கதை ஒவ்வொருவரிடமும் இருக்கும். பிறகு 1989இல் வியாழக்கிழமைகளில் மட்டும் இரவு எட்டரை வரை திறக்க அனுமதித்தார்கள். 1996இல் எட்டு மணி ஆக்கினார்கள். இப்போது அந்தந்த மாநிலம் தீர்மானிக்கிறது.

இங்கிலாந்திலே 1994ஆம் ஆண்டின் சட்டப்படி 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணி நேரந்தான் திறக்கலாம். அங்கே இருக்கும் எங்கள் சனம் அதைப் படித்துக்கொண்டுவிட்டது. மாலை நான்கு மணிக்கு விளக்கு அணையப் போகிறதென்றால் மூன்றரைக்கே காசு கொடுக்கும் வரிசையில் நிற்பார்கள். அதே ஆட்கள் ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இறங்குகிறார்கள். இங்கே வந்தவுடன் அந்தப் படிப்பு எங்கே போகிறது? விமான நிலையத்திலே விட்டுவிட்டு வருகிறார்களா? நான் குற்றம் சொல்ல வரவில்லை. அவர்கள் அனுப்பிய காசில்தான் பல கடைகளின் கல்லும் மண்ணும் நிற்கின்றன. அவர்களிலே பலர் அங்கே கடைகளில் நின்று வேலை செய்பவர்கள் என்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன். அங்கே உங்கள் கால் நோகும்போது என்ன நினைத்தீர்களோ, அதை இங்கே கொஞ்சம் நினையுங்கள்.

யப்பானில் இன்னொரு வழி. கடை பூட்டும் நேரம் நெருங்கினால் ஒரு மெட்டைப் போடுவார்கள். பழைய ஸ்கொட்லாந்துப் பாட்டொன்றின் மெட்டு, மெல்ல அசைந்து போகும் வகையில் மாற்றியது. ஒருவரும் ஒருவரையும் போகச் சொல்ல மாட்டார்கள். அந்த இசை தொடங்கினால் சின்னக் குழந்தைக்கும் தெரியும், கடை முடிந்தது. அந்த இசைக்கு என்ன வேலை என்று பாருங்கள். போகச் சொல்லும் சங்கடத்தை அது ஒரு பணிப்பெண்ணின் வாயிலிருந்து எடுத்துவிடுகிறது. எங்கள் கடைகளில் என்ன போடலாம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். மங்களம் போடலாம். ஆனால் எங்கள் சனத்துக்கு மங்களம் கேட்டால் அடுத்ததாகப் பிரசாதம் எங்கே என்று பார்க்கும் பழக்கம், இன்னும் அரை மணி நிற்பார்கள்!

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். கடல் தாண்டிப் பக்கத்தில் போவோம். சென்னை மாகாணத்தில் 1947இல் ஒரு கடைகள், நிறுவனங்கள் சட்டம் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் இருக்கும் சட்டமும் அதுதான். அதிலே கடை பூட்டும் நேரத்தை அரசாங்கம் குறிக்கலாம் என்று இருக்கிறது. கூடவே ஒரு சின்ன வாசகம் சேர்த்திருக்கிறார்கள். பூட்டும் நேரத்தில் கடைக்குள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருப்பவருக்கு, அதற்குப் பிறகு கால் மணி நேரம் மட்டும் சாமான் கொடுக்கலாம். எனக்கு இந்த வாசகம் மிகப் பிடிக்கும். எழுதியவர் கடைக்குள் நின்று பார்த்தவராக இருக்க வேண்டும். வந்தவரை அவமானப்படுத்தவில்லை, விரட்டவில்லை. அதேநேரம் கடைப் பணியாளரின் கருணைக்கு எல்லையும் போட்டிருக்கிறார், கால் மணி. உள்ளே இருப்பவருக்கு உண்டு, புதிதாக வருபவருக்கு இல்லை.

அதே தமிழ்நாட்டில் 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அந்த உத்தரவிலும், பெண்களைச் சாதாரணமாக இரவு எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, எழுத்தில் சம்மதம் வேண்டும், போக்குவரத்துக்கு ஒழுங்கு செய்ய வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 2021இல் கடைப் பணியாளருக்கு இருக்கை கொடுக்க வேண்டுமென்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னரே கேரளம் அதைச் செய்துவிட்டது. கோழிக்கோட்டிலே விஜி என்ற தையல் தொழிலாளி, மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு இருந்து வேலை செய்யும் உரிமைக்காகவும் வருடக்கணக்கில் போராடியதன் பலன் அது. இருப்பதற்கு ஒரு கதிரை! அதற்கும் சட்டம் வேண்டியிருந்தது. வீட்டில் விருந்தாளிக்கு முதலில் கதிரை போடும் சனம் நாங்கள். நம் கடைகளில் அந்தப் பிள்ளைகளுக்குக் கதிரை இருக்கிறதா என்று அடுத்த தடவை போகும்போது பாருங்கள்.

“ஐயா, இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், பெரிய நாட்டுப் பழக்கம், எங்கள் பண்பாடு வேறு” என்று ஒருவர் சொல்லக்கூடும். வந்தாரை வரவேற்பது, இருந்தாரைப் போகச் சொல்லாதது எங்கள் பண்பாடு என்பார். நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேரம் என்றால் நேரம் என்பதும் எங்கள் பண்பாட்டில் இருக்கிறது. எங்கே? வேறெங்கும் போக வேண்டாம், நல்லூர் வீதிக்கு வாருங்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் பூசை நேரம் தவறுவதில்லை என்பது உலகெங்கும் உள்ள யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும். இருபத்தைந்து நாள் திருவிழா. தேர் புறப்படும் நேரத்துக்குத் தேர் புறப்படும். அமைச்சர் வரவில்லை என்று சுவாமி நிற்பதில்லை. கனடாவிலிருந்து வந்தவர் இன்னும் குளிக்கவில்லை என்று சுவாமி நிற்பதில்லை. அதனால் ஒருவராவது கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போகாமல் விட்டதுண்டா? மாறாக அதைப் பெருமையாகச் சொல்கிறோம். “நல்லூரான் நேரம் தவற மாட்டான்” என்று சொல்லி, விடியப்புறம் எழும்பி ஓடுகிறோம். எந்தக் கோயிலிலும் அர்த்தசாமப் பூசை முடிந்தால் நடை சாத்துவார்கள். அதற்குப் பிறகு வாசலில் நின்று, ஐயரே, இன்னும் ஐந்து நிமிடம், ஒரே ஒரு அர்ச்சனைதான் என்று கேட்கும் துணிவு எவருக்காவது இருக்கிறதா?

இதே சனந்தான், அன்பர்களே. விடியற்காலையில் கந்தனுக்கு நேரம் பார்க்கும் இதே சனந்தான் இரவிலே கடைப்பிள்ளைக்கு நேரம் பார்ப்பதில்லை. ஏன்? கோயிலில் நேரத்தைக் கோயில் சொல்கிறது. அதிலே ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லை, ஆகவே ஒருவருக்கும் மானக்கேடும் இல்லை. கடையில் நேரத்தை ஆள் சொல்கிறார், அதுவும் நம்மைவிட வயதில் குறைந்த, நம்மிடம் சம்பாதிக்க வந்த ஆள். அதனால் நமக்குச் சுடுகிறது.

பழைய காலத்தைக் காட்டி, அல்லங்காடி என்று இரவுச் சந்தையே வைத்திருந்தவர்கள் நாங்கள் என்று பேச வருவோரும் உண்டு. வைத்திருந்தோம். பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று பிரித்தும் வைத்திருந்தோம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியை எடுத்துப் படியுங்கள். மதுரையின் பகலையும் இரவையும் வரிசையாகக் காட்டிக்கொண்டு வரும் அந்தப் புலவர், இரவு ஏறியதும் கடையை அடைத்துவிட்டுப் பெண்கள் உறங்கப் போவதையும் மறக்காமல் சொல்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்டிய மதுரையில் கடைக்காரிக்கு உறக்கம் இருந்திருக்கிறது.

இனி வணிகப் பெருமக்களிடம் சில வார்த்தை. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. பக்கத்தில் பெரிய பல்பொருள் அங்காடி விளக்கெரிய நிற்கிறது. 2022இலே பங்குனிக் கடைசியில் ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது மெழுகுவர்த்தியில் பில் எழுதியவர்கள் நீங்கள். அந்தக் காலத்தில் விழுந்த கடன் இன்னும் சிலருக்குத் தீரவில்லை. வருகிற ஒரு வியாபாரத்தை எப்படி விடுவது? விட வேண்டாம். நான் கேட்பது, வியாபாரத்துக்கு ஒரு ஒழுங்கு.

எட்டு மணிக்குப் பூட்டுவதென்றால் ஏழே முக்காலுக்குப் பிறகு புதிதாக ஒருவரும் உள்ளே இல்லை என்று வாசலில் எழுதிப் போடுங்கள். பெரிய எழுத்தில் போடுங்கள், நீங்களே கையெழுத்தும் வைத்துப் போடுங்கள். உள்ளே இருப்பவருக்கு எட்டேகால் வரை. அதைச் சொல்வது நீங்களாக இருக்க வேண்டும், அந்தப் பிள்ளையாக இருக்கக்கூடாது. கலியாண வீட்டுக்காரர் வந்தால் கும்பிட்டு உட்கார வைத்து, நாளைக்கு எத்தனை மணிக்கு வசதி என்று கேட்டு, அந்த நேரத்தை அவர்களுக்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள். அது அவர்களுக்கும் மரியாதை. கஸ்தூரியார் வீதிக் கடைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இதைச் செய்தால், இந்தக் கடை பூட்டினால் அந்தக் கடைக்குப் போவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. பிந்தி வருபவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா? போதனா வைத்தியசாலையில் இரவு ஏழு மணிக்கு வேலை முடியும் தாதிக்கு எப்போது கடைக்கு வர முடியும்? கிளிநொச்சியில் வேலை செய்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கும் ஆசிரியருக்கு? அவர்களும் தொழிலாளர்தான். அவர்களுக்காக வாரத்தில் ஒரு நாளை, வெள்ளியோ சனியோ, ஒன்பது மணி வரை என்று முன்கூட்டியே அறிவியுங்கள். ஜெர்மன்காரரின் வியாழக்கிழமையைப் போல. அன்றைக்கு நிற்கும் பிள்ளைகள் மத்தியானம் வேலைக்கு வரட்டும். திருவிழாக் காலத்துக்கும் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் இதேபோல முறை வைக்கலாம். இரவு பிந்துகிறதென்றால் வீட்டுக்குப் போகும் ஓட்டோக் காசு கடையின் செலவில் இருக்க வேண்டும். சேலையின் விலையில் அது சேருமென்றால் சேரட்டும். நாங்கள் கொடுப்போம்.

மருந்துக் கடையை நான் இதற்குள் இழுக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வருபவருக்கு மணிக்கூட்டைக் காட்ட முடியாது. செத்தவீட்டுக்கு வெள்ளைத் துணி வேண்டுமென்று நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால், பூட்டிய கடையையும் திறந்து, சில வேளை காசும் வாங்காமல் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இந்த ஊரில் இருக்கிறது. அது என்றைக்கும் இருக்க வேண்டும். அந்தக் கதவைத் திறப்பவர் முதலாளி; தன் வீட்டிலிருந்து, தன் நித்திரையைக் கெடுத்து எழும்பி வருகிறார். நான் மதிக்கும் தயாளம் அது. எட்டே முக்காலில் கடையில் நடப்பதோ இன்னொருத்தியின் நித்திரையைக் கெடுத்துச் செய்யும் தயாளம்.

சந்தையில் நிற்கும் வாடிக்கையாளர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகத்திலும் பார்க்கலாம். பூட்டுகிற நேரத்துக்கென்றே காத்திருப்பார். கத்தரிக்காய் அப்போதுதான் மலியும். வாடுவதற்கு முன் விற்க வேண்டுமென்ற வியாபாரியின் அவசரம் அவருக்கு இலாபம். இதிலே நான் தலையிடவில்லை, அது இருவருக்கும் தெரிந்த பேரம், இருவரும் தம் நேரத்துக்குத் தாமே எசமானர்.

கடைசியாக, இந்த மண்டபத்தில் இருக்கும் வணிகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு உட்காருகிறேன். வருகிற நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் நீங்கள் கூடிப் பேசி, இருபத்தைந்து நாளுக்கும் பூட்டும் நேரம் ஒன்றைத் தீர்மானியுங்கள். தீர்மானித்த நேரத்தை எழுதி எடுத்துக்கொண்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையிடமும் தனியார் பஸ்காரரிடமும் போங்கள். கடைகள் இத்தனை மணிக்குப் பூட்டும், அதற்கு அரை மணி கழித்துப் பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் குறிகட்டுவானுக்கும் கொடிகாமத்துக்கும் ஒவ்வொரு பஸ் நகரத்திலிருந்து புறப்பட வேண்டும் என்று கேளுங்கள். உங்களோடு கடைப்பிள்ளைகளில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த பஸ் எத்தனை மணிக்குப் போய்விடுகிறது என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.